வீரப்பன் ஆவணத் தொடரும் காட்டோர ஊர்களும்

செல்வமணி செல்வராஜ் இயக்கி 2023 ஆகஸ்ட் மாதம் நெட்ஃபிளிக்ஸில் வெளியான, தந்தமும் சந்தனமும் கடத்திய வீரப்பனைத் தேடிய கதையைச் சொல்லும் ‘தி ஹண்ட் ஃபார் வீரப்பன்’ என்னும் நான்கு பகுதித் தொடரை, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் எங்கள் வீட்டில் அம்மாவுடன் இருந்து இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். அவர் ஒளிந்திருந்த தமிழ்நாடு–கர்நாடக எல்லைக் காட்டுப் பக்கம் எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறிய பெரியம்மா குடும்பம் நீலகிரியின் கோத்தகிரியில்தான் குடியேறியது. அங்கிருந்து வந்த கடிதங்களில் வீரப்பனின் பெயர் அடிக்கடி அடிபடும்.

கொலைகாரர்களைப் பற்றிய தொடர்கள் பலவும் கொலைகாரனின் மீசையிலேயே மயங்கி நின்றுவிடுகின்றன. இத்தொடர் அந்தப் பிழையைச் செய்யவில்லை. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்துக்கு மருத்துவ உதவியும் கோயிலும் தந்து மக்களின் நம்பிக்கையைப் பெற்ற வன அதிகாரி ஸ்ரீநிவாஸை, சரணடைவதாகச் சொல்லி வரவழைத்து வீரப்பன் 1991இல் கொன்றதையும், 1993 ஏப்ரலில் பாலாறு அருகே அவர் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்ததையும் பார்த்த பிறகு, அவரைக் காட்டு ராஜாவாகக் கொண்டாட எவருக்கும் மனம் வராது. மனைவி முத்துலட்சுமியும், அவரைத் தேடி அலைந்த அதிகாரிகளும் ஒரே நிகழ்வை வெவ்வேறு விதமாகச் சொல்ல, இயக்குநர் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லாமல் நம்மிடமே விட்டுவிடுகிறார். காட்டைப் படமாக்கிய விதமும் அருமை. இவ்வளவு பெரிய படை ஏன் இத்தனை ஆண்டுகள் தடுமாறியது என்பதை அந்த மரங்களின் அடர்த்தியே புரிய வைத்துவிடுகிறது.

என் பெரிய மனக்குறை இரண்டாம் பகுதியைப் பற்றியது. வீரப்பனைத் தேட அமைத்த அதிரடிப்படையின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் பட்ட சித்திரவதை பேசப்படும் இடத்தில், ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு எழுந்து வந்து, “கொஞ்சம் நிறுத்து புள்ள” என்றார். பிறகு, எங்கள் தோட்டக் குடியிருப்பில் படையினர் நடத்திய சோதனையை நினைத்து, “சுத்திவளைப்புல நம்ம லயத்து வாசல்ல பையன்கள வரிசையா நிறுத்துனாங்களே, அதேதான் இது” என்றார். இலங்கையின் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை அறிந்த எங்களுக்கு, அங்கே இந்தியாவின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான ‘தடா’ என்ற சொல் காட்டோர மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தொடர் அவர்களிடமிருந்து விரைவில் நகர்ந்து மீண்டும் துப்பாக்கிச் சண்டைக்குப் போய்விடுகிறது. நீதிபதி சதாசிவா தலைமையிலான குழு விசாரித்து, 2007இல் இந்தியாவின் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்த அளவுக்குப் பெரிய கொடுமை அது. ஒரு முழுப் பகுதியையே அதற்கு ஒதுக்கியிருக்கலாம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

தந்தமும் சந்தனமும் காட்டிலிருந்து இறங்கி யார் யார் கைக்குப் போயின, அதில் செல்வம் சேர்த்தவர்கள் யார் என்ற கேள்வியும் போதிய ஆழத்துக்குப் போகவில்லை. வெட்டியவனைத் தேடிய அளவுக்கு வாங்கியவனைத் தேடவில்லை என்பது அந்த வேட்டையின் குறை மட்டுமன்று, இந்தத் தொடரின் குறையும்தான். கன்னட நடிகர் ராஜ்குமார் 2000ஆம் ஆண்டில் 108 நாட்கள் வீரப்பனிடம் பிணைக்கைதியாக இருந்ததைச் சொல்லும் பகுதியில் வேகம் சற்றுத் தளர்கிறது. வீரப்பனின் கோரிக்கைகளில் தமிழ்த் தேசியம் புகுந்த கதையை இன்னும் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அது தளர்ந்திருக்காது. 2004 அக்டோபர் 18ஆம் திகதி பாப்பாரப்பட்டியில் ஆம்புலன்ஸ் வண்டிக்குள் வீரப்பனின் கதை முடிந்துபோவதைக் கூறும் இறுதிப் பகுதி விறுவிறுப்பாக உள்ளது.

பார்க்க விரும்புவோர் மொழிமாற்றுக் குரலைத் தவிர்த்து மூல ஒலியிலேயே பாருங்கள். முத்துலட்சுமி ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நிறுத்தும் மௌனம் அதில்தான் கேட்கும். இரண்டாம் பகுதியைச் சிறு பிள்ளைகள் உறங்கிய பிறகு போடுவது நல்லது.