டினேச்சர்ட் ஸ்பிரிட்டா, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலா? மரப் பாலிஷுக்கு நான் மாறிய கதை

பழைய மர அலமாரி ஒன்றுக்கு நானே அரக்குப் பாலிஷ் போட்டேன். அரக்குச் செதில்களைக் கரைக்க எல்லோரும் சொல்வது டினேச்சர்ட் ஸ்பிரிட்தான். ஒரு டின் வாங்கி, துணிப் பொட்டலத்தை அதில் நனைத்து நனைத்து மூன்று நாள் தேய்த்தேன். வெறுங்கை, ஒரே ஒரு ஜன்னல். மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவலி வந்தது. அது ஸ்பிரிட்டால் வந்ததுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் தூக்கமும் குறைவு. ஆனால் அன்று ராத்திரிதான் அந்த டின்னுக்குரிய பாதுகாப்புத் தரவுத் தாளைத் தேடிப் படித்தேன். உட்பொருள் பட்டியலில் மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலின் பெயரைப் பார்த்த பிறகு அந்த டின்னை நான் திறக்கவில்லை. மீதமிருந்த ஒரு மேசையையும் இரண்டு நாற்காலிகளையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முடித்தேன். இனி அதுதான் என் தேர்வு.

முதலில், சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய மற்ற கரைப்பான்களைச் சொல்லிவிடுகிறேன். அசிட்டோன் நகப்பூச்சையும் சூப்பர் குளூவையும் நன்றாகக் கரைக்கும், அரக்கைக் கரைக்க ஏற்றதல்ல. நச்சு என்று பார்த்தால் கரைப்பான்களில் அது சாதுதான். தீ என்று பார்த்தால் நிலைமை வேறு: சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும் அளவுக்கு எழும். டர்பன்டைன் எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு உரியது. அரக்கை அது கரைக்காது, அதனால் இந்தப் போட்டியிலேயே இல்லை. வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குழந்தை டர்பன்டைனையோ மண்ணெண்ணெயையோ குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. டைகுளோரோமீத்தேன் கலந்த பெயின்ட் நீக்கிகளை நான் வீட்டுக்குள் விடவே மாட்டேன். அது உடலுக்குள் போய்க் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது.

சரி, மிச்சம் ஸ்பிரிட்டும் ஐசோபுரோப்பைலும். தீ விஷயத்தில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. ஸ்பிரிட்டின் முக்கியப் பொருளான எத்தனாலின் ஆவி சுமார் 13 டிகிரியில் தீப்பற்றும், ஐசோபுரோப்பைல் சுமார் 12 டிகிரியில். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், நாம் எதிர்பாராத இடத்தில் எரியும் அடுப்பை எட்டும். ஒரு சின்ன வேறுபாடு உண்டு. ஸ்பிரிட்டின் சுடர் வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலே எரியும். மெத்தனால் கூடுதலாக இருந்தால் இன்னும் மோசம். ஐசோபுரோப்பைலின் சுடர் மஞ்சளாக இருக்கும், பார்த்தவுடன் தெரியும்.

என்னை மாற வைத்தது அதுவல்ல. டின்னுக்குள் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்விதான்.

டினேச்சர்ட் ஸ்பிரிட் என்பது ஒரே பொருளின் பெயர் இல்லை. குடிக்க முடியாதபடி கெடுக்கப்பட்ட எத்தனால், அவ்வளவுதான். எதைப் போட்டுக் கெடுத்தார்கள் என்பது நாட்டுக்கு நாடு, தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது முறையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மெத்தில் எத்தில் கீட்டோன், கசப்புக்கு டெனட்டோனியம் பென்சோயேட் ஆகியவற்றைச் சேர்க்கிறார்கள். அதில் மெத்தனால் இல்லை. பழைய மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலோ பெயரிலேயே மெத்தனால் இருக்கிறது. சில தயாரிப்புகளில் அது சில சதவீதம்தான், வேறு சிலவற்றில் பாதிக்கு அருகில் வருகிறது. டின்னின் முகப்பைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மெத்தனால் ஏன் இவ்வளவு முக்கியம்? கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. சுமார் 10 மில்லி உள்ளே போனதற்கே பார்வை போனதாக மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. குடித்தால்தானே, நான் பாலிஷ்தானே போடுகிறேன் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். பாலிஷ் வேலை என்பது மணிக்கணக்கில் நனைந்த துணியைக் கையில் பிடித்தபடி, முகத்தை மரத்தின் அருகே வைத்துச் செய்வது. பாட்டிலைத் திறந்து கறையைத் துடைத்துவிட்டு மூடுவது போன்றதல்ல.

கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். வழக்கமான பாதுகாப்புகள் எல்லாமே மெத்தனாலிடம் பலவீனப்பட்டுப் போகின்றன. மெல்லிய நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும், தடித்த பியூட்டைல் ரப்பர்தான் தாங்கும். தூசி முகமூடி எந்த ஆவியையும் நிறுத்தாது. பெயின்ட் அடிப்பவர்கள் போடும் கரி வடிகட்டி வைத்த முகமூடிகூட மெத்தனாலைச் சரியாகப் பிடித்து வைப்பதில்லை. மூக்கையும் நம்ப முடியாது, வாசனை தெரிவதற்குள் அளவு மீறியிருக்கலாம். போதாக்குறைக்கு, கடுமையான அறிகுறிகள் 12 முதல் 24 மணி நேரம் கழித்துக்கூட வரலாம். கூடவே எத்தனாலும் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும், ஏனென்றால் கல்லீரல் எத்தனாலைத்தான் முதலில் கவனிக்கும். கசப்புக்குச் சேர்க்கும் டெனட்டோனியம் நாக்கைத் தடுக்கும், தோலை எப்படித் தடுக்கும்?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இந்தக் கதையே இல்லை. 99 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் மீதி பெரும்பாலும் தண்ணீர். உடலில் அது அசிட்டோனாக மாறுகிறது, ஃபார்மிக் அமிலம் ஆவதில்லை. அதற்காக அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடித்தால் எத்தனாலைவிடக் கடுமையாக மயக்கும், ஆவி கண்ணை எரிக்கும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 8 மணி நேர வேலைக்கு வகுத்த காற்று வரம்பில் எத்தனாலுக்கு 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு), ஐசோபுரோப்பைலுக்கு 400, மெத்தனாலுக்கு 200. இந்தக் கணக்குப்படி சுத்தமான எத்தனால்தான் எல்லாவற்றிலும் நல்லது. அது சுலபமாகக் கிடைப்பவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம். மெத்தனால் இல்லை என்று தரவுத் தாளே சொல்லும் ஸ்பிரிட் கிடைத்தாலும் என் எதிர்ப்பு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

வேலைத்தரம்? இங்கே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஐசோபுரோப்பைலில் அரக்கு மெதுவாகக் கரைகிறது, நான் ராத்திரி ஊறவைத்துக் காலையில் எடுத்தேன். காய்வதும் தாமதம். அடுத்த பூச்சுக்கு அவசரப்பட்டால் துணி ஒட்டி இழுக்கும். 70 சதவீத பாட்டிலை வாங்கிவிடாதீர்கள், அதிலுள்ள தண்ணீர் பாலிஷில் வெள்ளைப் படலமாக நிற்கும். நான் துணியில்தான் பூசினேன், தெளிப்பானில் அடித்துப் பார்த்ததில்லை. பெரிய பரப்புக்கு அது ஒத்துவருமா என்பதில் என் அனுபவத்தை நம்ப வேண்டாம்.

ஸ்பிரிட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு என் தேர்வு பொருந்தாது. ஐசோபுரோப்பைல் புகையும் கரியுமாக எரியும், அங்கே ஸ்பிரிட்தான் சரி. ஆனால் அடுப்பு அணைந்துவிட்டது போலத் தோன்றும்போது மேலும் ஊற்றவே ஊற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சுடர் பாட்டிலுக்குள் ஏறி, எதிரே நிற்பவர் மீது தீப்பிழம்பாகப் பாயும்.

எந்தக் கரைப்பானையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். ஆல்கஹாலோ அசிட்டோனோ அதோடு சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும். ஐசோபுரோப்பைல் பல வருடம் கிடந்தால் பெராக்சைடு சேரக்கூடும் என்பதால், திறந்த தேதியை பாட்டிலில் எழுதி வைத்திருக்கிறேன். மீதமிருந்த ஸ்பிரிட்டைச் சாக்கடையில் ஊற்றவில்லை, வேறு பாட்டிலுக்கும் மாற்றவில்லை. லேபிளோடு அதே டின்னில் மூடி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன்.