சர்வர் மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ஒன்பது லோரி, ஆறு கம்ப்யூட்டர், என் மேசைக்கடியில் ஒரு பழைய சர்வர். அதன் பெயர் லோரி1. நடைக் கணக்கு, எடைச் சீட்டு, டிரைவர் சம்பளம் எல்லாம் அதில்தான்.

அதை மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஆள் சொன்னது பொய் இல்லை. அதில் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கு வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. புதுப் பெட்டி, வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி (ரிங்கிட்) என்றார். பாதி முன்பணம் கொடுத்தோம்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “புதுசுக்கும் லோரி1-ன்னே பேர் வைங்க தம்பி.” காரணம் இருந்தது. என் சம்பளத் தாளில் இருக்கும் ஃபார்முலாக்கள் நடைக் கணக்கை \\லோரி1\கணக்கு என்ற முகவரியில் போய்த்தான் எடுக்கும். வருஷக்கணக்காக அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். அவர் சிரித்தார். “பேர்ல என்னக்கா இருக்கு? இசட் டிரைவை மாத்தி விட்டா முடிஞ்சது.” எங்கள் கம்ப்யூட்டர்களில் சர்வரின் ஃபோல்டர்கள் தெரியும் இடம்தான் இசட் டிரைவ். புதுப் பெட்டிக்குத் தன் இஷ்டத்துக்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பெயரை விட்டு 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இன்றும் எங்கள் லோரி அண்ணன்களுக்கு அது பெர்ஜுந்தைதான். கேட்பவருக்கும் புரிகிறது. கம்ப்யூட்டருக்கு அப்படிப் புரியாது. பழைய பெயரும் செல்லும் என்று யாராவது அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். புதிய சர்வருக்குப் பழைய பெயரை இரண்டாவது பெயராகச் சேர்க்க விண்டோஸிலேயே வழி இருக்கிறதாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

முதல் வாரம் ஒழுங்காகவே போனது. நாங்கள் பழைய சர்வரில் வேலை செய்வோம், இரவு 11 மணிக்கு எல்லாம் தானாகப் புதியதில் நகலாகும். மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்து எல்லாரையும் புதியதற்கு மாற்றினார். பழையதை அணைக்கவில்லை, “சேஃப்டிக்கு இருக்கட்டும்” என்றார். இசட் டிரைவ் திறந்தது, ஃபோல்டர்கள் தெரிந்தன. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். என் முட்டாள்தனம் அது.

திங்கட்கிழமை மாதக் கடைசி இரண்டு நாள் எடைச் சீட்டுகளை ஏற்றினேன். அறுவடை செய்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பதால் சர்வர் மாறுகிறது என்று லோரி நிற்காது, சீட்டு குவிந்திருந்தது. சாயங்காலம் ஏழாம் நம்பர் லோரி அண்ணன் எட்டிப் பார்த்து, “தங்கச்சி, நம்ம கணக்கு எவ்வளவு?” என்றார். சம்பளத் தாளைத் திறந்து சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். “அஞ்சு நடை குறையுதே.” நடைக் கணக்கைத் திறந்து காட்டினேன், ஐந்தும் இருந்தன. சம்பளத் தாளில் மட்டும் இல்லை.

தவறு என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பழைய லோரி1 இன்னும் உயிரோடு இருந்ததால், என் ஃபார்முலா சமர்த்தாக அங்கே போய்ப் பழைய கணக்கை எடுத்து வந்திருக்கிறது. அது செத்திருந்தாலாவது கண்டுபிடித்திருப்பேன். அந்த அண்ணன் எண்ணாமல் போயிருந்தால் ஒன்பது பேருக்கும் குறைத்துக் கொடுத்திருப்பேன். சம்பளத்தை 7-ஆம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும், சட்டம்.

போன் செய்தேன். “நாளைக்குப் பார்க்கலாம்கா.”

செவ்வாய் காலை நடைக் கணக்கிலும் அந்த ஐந்து நடை இல்லை. திங்கள் முழுக்க ஏற்றியது எதுவுமே இல்லை. புதிதாக அடித்த 11 பில்லையும் காணோம். அவர் வந்தார், பத்து நிமிடம் பார்த்தார், என் முதலாளி முன்னாலேயே சொன்னார்: “அக்கா சேவ் பண்ணாம மூடிட்டாங்க போல.” டேட்டா ரெக்கவரிக்கு 900 வெள்ளி ஆகும் என்றார்.

இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். சேவ் பண்ணாமல் மூடினேனாம்! அந்த ஐந்து நடையை ஏழாம் நம்பர் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

ஷா ஆலத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் பழைய சர்வரில் ஒரு லாக் ஃபைலை, அதாவது கம்ப்யூட்டர் தான் செய்ததை எழுதி வைக்கும் பதிவைக் கண்டுபிடித்தான். திங்கள் இரவு 11 மணி. என் 11 பில்லின் பெயர்களும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எக்ஸ்ட்ரா ஃபைல்’ என்று. நடைக் கணக்கின் பக்கத்தில் ‘ஓல்டர்’. அந்த இரவு நகலை அவர் நிறுத்தவே இல்லை. ரோபோகாப்பி என்ற நிரலை மிரர் முறையில் ஓட விட்டிருக்கிறார். மிரர் என்றால் மூலத்தில், அதாவது பழைய சர்வரில், இல்லாததைப் புதியதில் அழித்துவிடும், மூலத்தில் இருப்பது பழசாக இருந்தாலும் புதியதன் மேல் எழுதிவிடும். பத்து நிமிடம் பார்த்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு வேடிக்கை. போட்டோகாப்பி இயந்திரத்தில் ஸ்கேன் போகும் இடத்தை மாற்ற அவர் மறந்திருந்தார். அதனால் திங்கள் ஸ்கேன் செய்த சீட்டுகள் எல்லாம் பழைய லோரி1-க்கே போய்த் தப்பித்தன. அசல் சீட்டுகளை ஆலைக்கு அனுப்பிவிட்டிருந்தேன். அந்த ஸ்கேன் இல்லாவிட்டால் கதை வேறு. இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன்.

அக்கா மகன் முதலில் அந்த இரவு வேலையை நிறுத்தினான். பிறகு பழையதை நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, புதியதற்கு லோரி1 என்று பெயர் வைத்து ஒரு ரீஸ்டார்ட். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. என் ஃபார்முலா ஒன்றையும் தொட வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் மாற்றுவதாக இருந்தால், பழைய பெயர் புதியதற்கு வர வேண்டும், பழையது கழற்றப்பட வேண்டும், இரவு நகல் நிறுத்தப்பட வேண்டும் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். மாறிய பிறகு இரண்டு வேலை நாள் போகட்டும், அப்புறம் மீதிப் பணம். நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். அது சொந்த, வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவர்களுக்குத்தான், கம்பெனி கணக்குக்கு ஆகாது.

அந்த 900 வெள்ளி பில்லை இரண்டாவது தடவையாக அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு அந்த லாக் ஃபைலை அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.