சால்டரிங் கிட் வாங்கப் போறீங்களா? 6,450 ரூபாய் போனதைப் படிச்சிட்டு வாங்குங்க

பாபநாசம் பக்கத்துப் பிள்ளைகள் 15 பேர் சால்டரிங் (ஈயத்தை உருக்கி பாகங்களைப் போர்டில் பற்றவைப்பது) பழகுவதற்காக, கிட் ஒன்று 430 வீதம் 6,450 ரூபாய் கட்டி வரவழைத்தேன். ஒன்றுகூட ஒழுங்காக ஓடவில்லை. விற்றது சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்திருக்கும் ஓர் ஆன்லைன் கடை. எப்படிச் சரிபார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன்.

சர்க்யூட் எளிமையானது, ஓடும் விளக்கு. 555 என்ற ஐ.சி. (சிப்) துடிப்பு கொடுக்கும், 4017 என்ற ஐ.சி. அதை எண்ணி 10 எல்.இ.டி.யையும் வரிசையாக எரியவிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும், அதனால் பத்துக்கும் சேர்த்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரே 470 ஓம் ரெசிஸ்டர் போதும். 9 வோல்ட் பேட்டரி. பழகுகிறவர்களுக்கு அருமையான சர்க்யூட், அதனால்தான் வயிறு எரிகிறது.

பணம் கட்டுவதற்கு முன் வீடியோ அனுப்பினார்கள். பச்சை போர்டு, பளபளக்கும் பேடு (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புப் புள்ளி), விளக்கு அழகாக ஓடுகிறது. "பிள்ளைங்க விஷயம் சார், ஒரு பார்ட் சரியில்லைன்னாலும் மாத்திக் கொடுத்துடுவோம்" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மொத்தப் பணமும் முன்னாலேயே போனது.

வந்தது பழுப்பு நிற மட்டப் போர்டு. செம்பு கறுத்துக் கிடந்தது. கூட வந்த ஈயத்தில் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்) என்று ஒட்டியிருந்தது. நிஜமான 60/40 என்றால் 190 டிகிரி வாக்கில் உருகி, லேசாகப் புகைந்து, பேடில் படர வேண்டும். இதில் புகையே இல்லை. கம்பியை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டிப் படர உதவும் பொருள்) இல்லை, உருண்டு உருண்டு கீழே விழுகிறது. இரண்டு மூன்று விநாடியில் முடிய வேண்டிய ஜாயின்ட்டுக்குப் பிள்ளைகள் அயர்னை வைத்துக்கொண்டே இருந்தார்கள், பேடு பிய்ந்து வந்துவிட்டது.

470 ஓம் ரெசிஸ்டரில் மதிப்பைச் சொல்லும் நிறக் கோடுகள் மஞ்சள், ஊதா, பிரவுன் என்று இருக்க வேண்டும். வந்தது மஞ்சள், ஊதா, மஞ்சள், அதாவது 470 கிலோ ஓம். 15 மைக்ரோ ஆம்பியர்தான் போகும். பகல் வெளிச்சத்தில் எல்.இ.டி. எரிவதே தெரியாது. சரியான ரெசிஸ்டர் போட்டும் விளக்கு நகரவில்லை. 555-இன் 3-ஆம் பின்னில் (காலில்) துடிப்பு வருகிறது. 4017-இன் 13-ஆம் பின் கிரவுண்டில் (பேட்டரியின் மைனஸில்) இருந்தால்தான் எண்ணும். போர்டில் அதற்கான தடமே (செம்புக் கோடே) இல்லை! அந்தப் பின் அந்தரத்தில் நிற்கிறது. விரலை வைத்தால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது. 15 போர்டிலும் இதே கதை. 13-இலிருந்து கிரவுண்ட் பின்னான 8-க்கு ஒயர் இழுத்தால் ஓடும், ஆனால் பேடு பிய்ந்த போர்டில் எங்கே இழுப்பது?

போன் செய்தால், "சூடு அதிகமா வச்சு ஐ.சி.யை எரிச்சிருப்பீங்க." தடம் இல்லாததைப் போட்டோ எடுத்து அனுப்பினால், "டெக்னிக்கல் டீமுக்குச் சொல்றோம்." அடுத்து, "சால்டர் பண்ணின பொருளை ரிட்டர்ன் எடுக்கறதில்லை சார்." சால்டர் பண்ணாமல் ஓடுமா ஓடாதா என்று எப்படிய்யா தெரியும்? இப்போது மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. 6,450 ரூபாய், அத்தனையும் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்த பணம்.

சரிபார்க்க: மொத்தமாக வாங்காதீர்கள், ஒன்று வாங்கிப் பொருத்திப் பாருங்கள். சால்டர் வைக்கும் முன் ரெசிஸ்டரை மீட்டரில் அளந்துவிடுங்கள், போர்டின் தடத்தையும் சர்க்யூட் படத்தோடு ஒத்துப் பாருங்கள். ஈயம் தனியாக, நல்ல கம்பெனியுடையதாக வாங்குங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். மாட்டிக்கொண்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அங்கே புகார் கொடுத்திருக்கிறேன்.