பிக்கப் கேபின் தரை: ஒட்டுவதா, விரிப்பதா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மீன் ஏற்றும் புது பிக்கப்புக்குக் கம்பெனி விரிப்பு தாங்காது. ஐஸ் தண்ணீரும் ஈர மணலும் காலோடு ஏறி, ஓரம் வழியே தகரத்துக்கு இறங்கிவிடும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதால் அந்த இடம் காய்வதே இல்லை. 1914-இல் திறந்த ரயில் பாலத்தையே அரித்த காற்று இது, தகரம் எம்மாத்திரம்?

பலரும் முதலில் கேட்பது, அடியில் ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) வைத்து ஒட்டும் வினைல் தரை. பார்க்க அழகு, சத்தமும் சூடும் குறையும். ஆனால் கதவோரம் புகும் தண்ணீரை ஃபெல்ட் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே மினுங்கும், அடியில் துரு ஓடும். வெயிலில் பசை இளகி ஓரம் தூக்கினால் திருகாணி அடிப்பார்கள். துளை போட்ட இடத்தில் பெயிண்ட் போய், துரு அங்கேயே தொடங்கும். காய்கறி, ஜவுளி லோடு என்றால் இதுவே போதும். மீனுக்கு வேண்டாம்.

நூடுல்ஸ் மேட், அதாவது சுருள் சுருளான பிளாஸ்டிக் இழை விரிப்பு, மலிவு, மணலைப் பிடித்துக்கொள்ளும். எடை இல்லாததால் நகர்ந்து பிரேக்குக்கு அடியில் சுருளும். அது ஒன்றே அதை ஒதுக்கப் போதும்.

மிஞ்சுவது 3 மி.மீ. வரி போட்ட ரப்பர் ஷீட், ஒட்டாமல் விரிப்பது. பழைய செய்தித்தாளைத் தரையில் அழுத்தி அளவு எடுங்கள். பக்கங்களில் 2 செ.மீ. கூட விட்டு வெட்டினால் ஓரம் மேலே மடங்கித் தண்ணீரைத் தடுக்கும். பெடலை முழுக்க அழுத்திப் பார்த்து, அதற்கும் ஷீட்டுக்கும் 3 செ.மீ. இடைவெளி விடுங்கள். பின் ஓரத்தில் இரண்டு துளை போட்டு, நைலான் கயிற்றால் இருக்கைக் காலில் கட்டினால் நகராது. தகரத்தில் ஓட்டை வேண்டியதில்லை. வெயிலில் கொஞ்ச நாள் ரப்பர் வாடை அடிக்கும், பிறகு அடங்கும். சத்தம் வினைலைவிடக் கூடுதல்தான். அதற்கு நுரை ஷீட்டை இருக்கைக்குப் பின்சுவரில் ஒட்டுங்கள், தரையில் அல்ல.

விரிப்பதற்கு முன் கீறல்களைத் தேய்த்து துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் (அடிப்பூச்சு) இரண்டு கோட் அடிக்க வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இதற்குத் தோது.

வாரம் ஒருமுறை கயிற்றை அவிழ்த்து ஷீட்டைத் தூக்கித் தகரத்தைத் துடையுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீர் கூடாது, மறுபடி உப்பு ஏறும். விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் அரை வாளியே போதும்.