புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வகுப்பு: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

2025 ஆகஸ்ட் 10 ஆம் திகதி நடைபெற்ற தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு என் மகள் தோற்றினாள். அதற்கு முன்னர் ஆறு மாதங்களாக, ஞாயிறு தோறும் திருகோணமலை நகரில் நடைபெறும் மாதிரி வினாத்தாள் வகுப்பொன்றுக்கு அவளை உப்புவெளியிலிருந்து அழைத்துச் சென்று வந்தேன். அடுத்த ஆண்டுக்கு இடம் பிடிக்கப் பெற்றோர் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டதால், அங்கு கண்டதை எழுதுகிறேன். வகுப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

உண்மையான பரீட்சையின் ஒழுங்கை அவர்கள் பிசகாமல் பின்பற்றினார்கள். அறுபது வினாக்கள் கொண்ட இரண்டாம் பகுதி முதலில் ஒன்றேகால் மணித்தியாலம், பின்னர் அரை மணி நேர இடைவேளை, அதன் பின் நாற்பது பல்தேர்வு வினாக்கள் கொண்ட முதலாம் பகுதி ஒரு மணித்தியாலம். சுட்டெண்ணைச் சரியாக எழுதுவது, தெரியாத வினாவில் தேங்கி நிற்காமல் அடுத்ததற்குப் போவது ஆகிய பழக்கங்கள் என் மகளுக்கு அங்குதான் வந்தன.

ஆனால் அந்த வகுப்பின் உண்மையான சிறப்பு, வினாத்தாளைத் திருத்திய பிறகு வரும் ஒரு மணி நேரத்தில் இருந்தது. 2, 5, 10, 17 என்ற எண்தொடரின் அடுத்த எண்ணாக என் மகள் 24 என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைப் பிழை என்று வெட்டிவிட்டுப் போகவில்லை. எப்படி வந்தது என்று கேட்டார். கடைசியாகக் கூட்டிய ஏழையே மறுபடியும் கூட்டியதாக அவள் சொன்னதும், இடைவெளிகளான 3, 5, 7 என்பவற்றை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார். 26 என்ற விடையை அவளே கண்டுபிடித்தாள். மாதம் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தது இதற்காகவே என்று அன்று எண்ணினேன்.

மே மாதத்துக்குப் பின்னர் இது குறைந்தது. முப்பது பிள்ளைகள் இருந்த மண்டபத்தில் அறுபதுக்கு மேற்பட்டோரைச் சேர்த்தார்கள். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ் இரண்டே மின்விசிறிகளுடன் பத்து வயதுப் பிள்ளைகளை இருத்தி வைப்பது நியாயமன்று. விளக்கம் சொல்ல நேரம் போதாமல், விடைகளை வரிசையாக வாசித்து முடித்துவிடும் வாரங்களும் வந்தன. ஞாயிறு காலை என்பதால் அறநெறி வகுப்பும் தடைப்பட்டது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, புள்ளிகளைப் பெயர் சொல்லி உரக்க வாசித்ததும், முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாவதற்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியை, கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்து அதைவிடக் குறைவாகப் பெற்றவர்களைத் தனி வரிசையில் இருத்தியதும்தான். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. மாவட்டத்தையும் மொழிமூலத்தையும் பொறுத்தும் வேறுபடுவது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் வழங்குவதற்கும், ஆறாம் தரத்தில் பிரபல பாடசாலைகளுக்குத் தெரிவு செய்வதற்கும் உரிய ஓர் எல்லைக்கோட்டை, ஒரு பிள்ளையின் தகுதியை அளக்கும் கோலாகக் காட்டுவது பெரும் தவறு. பெற்றோர் சிலர் சேர்ந்து பேசிய பிறகு, ஜூன் மாதத்திலிருந்து புள்ளிகளை மடித்த துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். கோபப்படாமல் கேட்டுத் திருத்திக்கொண்டதை மதிக்கிறேன். தனி வரிசையையும் அன்றே நீக்கினார்கள். பரீட்சைக்கு முந்தைய நாட்களில் இத்தகைய வகுப்புகளை நடத்தக்கூடாது என்று பரீட்சைத் திணைக்களம் விதித்த தடையையும் அவர்கள் மீறவில்லை.

நிலாவெளி, பாலையூற்று போன்ற இடங்களிலிருந்து வருவோர், பிள்ளை காலையில் சாப்பிட்டு வர நேரம் இருக்குமா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் ஒரு ஞாயிறு, வினாத்தாள் திருத்தும் வேளையில் போய்ப் பின்வரிசையில் அமர்ந்து பாருங்கள். கேட்டால் அனுமதிக்கிறார்கள். மண்டபத்தில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும், பிழையான விடை எழுதிய பிள்ளையிடம் ஆசிரியர் என்ன கேட்கிறார் என்றும் கவனித்த பின்னர் பணத்தைக் கட்டுங்கள்.