சேன் சிர் லாபோப்பிக்கு ஆற்றங்கரை வழியே செல்லுங்கள்

தென்மேற்குப் பிரான்சில், காவோர் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், லொத் ஆற்றிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் அமைந்திருக்கும் சேன் சிர் லாபோப்பி, 2012இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரெஞ்சு மக்களின் மனம் கவர்ந்த கிராமமாகத் தேர்வானது. அந்தப் பெயருக்கு ஊர் தகுதியானதுதான். ஆனால் பெரும்பாலோர் செய்வதுபோல் மேலேயுள்ள கட்டண நிறுத்தத்தில் காரை விட்டு, பிரதான தெருவில் இறங்கி, பனிக்கூழ் வாங்கிக்கொண்டு திரும்புபவர்களுக்கு அதன் பாதிதான் கிடைக்கிறது.

இவ்வூரை வாழவைத்தது ஆறு. காவோரின் ஒயின் பீப்பாய்களை ஏற்றிய படகுகள் லொத் வழியாகவே போர்தோ துறைமுகம் நோக்கிச் சென்றன. அந்தப் பீப்பாய்களிலிருந்து ஒயின் பிடிப்பதற்கான மரக் குழாய்களைக் கடைந்து கொடுத்த தச்சர்கள்தாம் இங்கே தெருவோரமாக வளைவு வாயில் பட்டறைகளை வைத்திருந்தார்கள். ஆற்றை எதிர்த்து வரும் படகுகளைக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தாக வேண்டும். பூஸியேஸ் என்ற பக்கத்து ஊரின் அருகே பாறை நேராக நீருக்குள் இறங்குவதால் நடக்க இடமில்லை. எனவே 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறையையே பக்கவாட்டில் குடைந்து பாதை அமைத்தார்கள். பிறகு ரயில் வந்தது. படகுத் தொழில் மங்கியது. பாதை மட்டும் எஞ்சியது.

பூஸியேஸிலிருந்து அந்தப் பாதை வழியாக ஊருக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். தலைக்கு மேல் பாறைக் கூரை, காலடியில் ஆறு; நடுவே ஓரிடத்தில் டானியல் மோன்னியே என்ற சிற்பி மீன்களையும் சிப்பிகளையும் நீண்ட புடைப்புச் சிற்பமாகப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார். கடைசி ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும் என்றாலும், கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும்போதுதான் கோட்டையும் தேவாலயமும் ஏன் அந்த இடத்தில் கட்டப்பட்டன என்பது விளங்குகிறது. பாறை சரியும் அபாயம் உள்ள காலங்களில் பாதையை மூடிவிடுவதுண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

உச்சியிலிருந்த கோட்டையில் இன்று இடிந்த சுவர்கள்தாம் மிச்சம். லாபோப்பி, கூர்தோன், கார்தையாக் ஆகிய மூன்று பிரபுக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்த அதை, பின்னாளில் பிரான்சின் நான்காம் ஆன்றியாக அரியணை ஏறிய நவார் மன்னர் 1580இல் இடிக்கச் செய்தார். அங்கிருந்து தெரியும் ஆற்றின் வளைவுக்காகவே ஏறிச் செல்லலாம். அடுத்துள்ள 16ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் வெளியிலிருந்து பார்க்க கோட்டை மதில் போல் கடுமையாகவும், உள்ளே எளிமையாகவும் இருக்கிறது.

மிகையதார்த்தக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் 1950இல் இவ்வூரைக் கண்டு மயங்கி, இங்கேயே ஒரு பழைய வீட்டை வாங்கி, 1966இல் இறக்கும்வரை கோடைகளைக் கழித்தார். வேறெங்கும் இருக்க வேண்டும் என்ற ஆசையே தமக்கு அற்றுப்போனதாக அவர் எழுதினார். ஆகஸ்ட் மதியம் ஒன்றில் இன்றைய பிரதான தெருவைக் கண்டிருந்தால் அவர் என்ன எழுதியிருப்பாரோ! கடைகளில் நல்ல மட்பாண்டங்கள் உள்ளன. எங்கும் கிடைக்கும் நினைவுப் பொருள்களும் அதே அளவு உள்ளன. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் இறுதியில், காலை 10 மணிக்கு முன்பே வந்தால் சந்துகள் உங்களுக்கே உரியவை.

உணவில் எனக்கு மனக்குறை உண்டு. வட்டாரச் சமையல் வாத்தை நம்பியிருப்பதால், சைவர்களுக்குப் பெரும்பாலும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் சேர்த்த சாலட்தான் மிஞ்சுகிறது. அது சுவையானதே, ஆனால் ஆற்றைப் பார்த்த மேசை ஒன்றில் அதற்குக் கொடுத்த விலையில் பாதி காட்சிக்கானது என்றே தோன்றியது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் காவோரிலேயே வாங்கி வந்து கரையில் அமர்ந்து உண்பதே மேல்.

கார் இல்லாதவர்கள் காவோர் ரயில் நிலையத்திலிருந்து ஃபீஜாக் செல்லும் பேருந்தில் ஏறி, எதிர்க்கரையிலுள்ள தூர் த ஃபோரில் இறங்கிப் பாலம் கடந்து ஏறலாம். பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கார் உள்ளவர்கள் அருகிலுள்ள பெஷ் மெர்ல் குகையையும் சேர்த்துக்கொள்ளலாம். வரலாற்றுக்கு முந்தைய புள்ளிக் குதிரை ஓவியங்களை அங்கே நேரில் காண முடியும். நாளொன்றுக்கு 700 பேரை மட்டுமே அனுமதிப்பதால், கோடையில் முன்பதிவின்றிச் செல்ல வேண்டாம்.