நெல்லையில் வாசலுக்கு வரும் எருமைப் பால்: தயிர், நெய், பிலிப்பைன்ஸ் வெண்கட்டிக்கு எப்படி?

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கம் விடிகாலையில் கேனைக் கட்டிக்கொண்டு வண்டியில் வரும் எருமைப் பாலுக்கான மதிப்புரை இது. குறிப்பிட்ட ஒரு பால்காரரைப் பற்றியதல்ல. இப்படி வரும் பாலை என்ன பார்த்து வாங்குவது, எதற்குப் பயன்படுத்துவது, எங்கே ஏமாறுவோம் என்பதுதான் விஷயம்.

கெட்டித் தயிருக்கும் நெய்க்கும் இதற்கு ஈடாக வேறு பால் இல்லை. டீக்கும் அருமை. ஃபில்டர் காபிக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம். கொழுப்பு நாக்கில் படிந்து டிகாக்‌ஷனின் மணத்தை அமுக்கிவிடும். பசும்பாலைவிட விலை கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் காசு பால் உண்மையிலேயே எருமைப் பாலாக இருந்தால் மட்டுமே நியாயம்.

அதனால் முதல் கேள்வி, "அண்ணாச்சி, தனி எருமையா, கலப்பா?" பல கேன்களில் வருவது கலப்புப் பால்தான். கலப்பு என்று சொல்லி அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் தப்பில்லை. எருமை தான் தின்னும் தீவனத்தின் மஞ்சள் சத்தை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பால் சுத்த வெள்ளையாக இருக்கும். பாலில் லேசான மஞ்சள் ஓடினால் அதில் பசும்பால் சேர்ந்திருக்கிறது.

பால்மானி (பாலின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல எருமைப் பாலில் அது பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் இடையில் நிற்கும். தண்ணீர் சேர்த்தால் எண் இறங்கும், ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எண் பழைய இடத்திலேயே நின்று நல்ல பால் போலக் காட்டும். ஆகவே ஒரு லிட்டரைக் காய்ச்சி, மூடாமல் நான்கு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தனி எருமைப் பாலில் கொழுப்பு ஆறிலிருந்து எட்டு சதவீதம் வரை இருக்கும். ஆடையைக் கரண்டியால் ஓரத்தில் நெம்பினால் அப்பளம்போல் ஒரே தகடாகத் தூக்கலாம். பால்மானி சரியாகக் காட்டியும் ஆடை கிழிந்து கிழிந்து வந்தால், கொழுப்பு முன்பே எங்கோ இறங்கிவிட்டது.

தயிருக்குக் கொதி வந்தபின் சிறு தீயில் பத்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் சுகமாகச் சூடு தெரியும் பக்குவத்துக்கு, அதாவது நாற்பது டிகிரி அளவுக்கு ஆறவைக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பிரை, அதாவது உறைமோர், போதும். பழகிய மண்சட்டியில் ஊற்றினால் சட்டி கொஞ்சம் நீரை இழுத்துக்கொள்ளும். தயிர் கத்தியால் வெட்டும்படி நிற்கும். சித்திரையில் ஐந்து மணி நேரத்தில் உறையும், மார்கழியில் இரவு முழுக்க வேண்டும். தயிர் நூலாக இழுத்தால் பிரை கெட்டிருக்கிறது; வேறு வீட்டில் புதிதாக வாங்குங்கள். நீர் பிரிந்து நின்றால் சூடு ஆறுமுன் பிரை விட்டிருப்பீர்கள், அல்லது உறைந்தபிறகும் வெளியே வைத்துப் புளிக்க விட்டிருப்பீர்கள். கடையில் கிடைக்கும் 6 சதவீதக் கொழுப்புப் பாக்கெட்டிலும் தயிர் வரும், மோர்க்குழம்புக்கு அது தாராளம். ஆனால் இந்தக் கட்டி அதில் வராது.

நெய்க்குக் கணக்கு எளிது: நல்ல பாலில் லிட்டருக்கு அறுபது கிராம் வரை பார்க்கலாம். வெள்ளை நெய்தான் வரும். மஞ்சள் நெய் கேட்பவர்களுக்கு எருமை ஆகாது.

வருடம் முழுக்க ஒரே தரத்தை எதிர்பார்க்கக் கூடாது. கறுத்த தோல், குறைவான வியர்வைச் சுரப்பிகள். எருமைக்கு வெயில் தாங்காது. ஊறிக் கிடக்கக் குளத்தில் தண்ணீர் இல்லாத சித்திரை, வைகாசியில் கறவை இறங்கும், அந்த மாதங்களில்தான் கேனில் கலப்பும் கூடும். மழைக்காலத்தை ஒட்டி ஈன்றவை கார்த்திகை, மார்கழியில் நிறையக் கறக்கும். பாலில் லேசான உப்புக் கரிப்பு தெரிந்தால் அது வற்றப்போகும் மாட்டின் பாலாக இருக்கலாம், மடிநோய் கண்ட மாட்டின் பாலாகவும் இருக்கலாம்; இனிப்புப் பண்டத்துக்குச் சரிவராது. கன்றை ஊட்டவிட்டுக் கறக்கிறாரா என்றும் கேளுங்கள். எருமை லேசில் சுரப்பு விடாது. கன்று இல்லாத இடத்தில் ஊசி போட்டுக் கறக்கும் பழக்கம் உண்டு. அது மாட்டுக்குச் செய்யும் கொடுமை. அப்படிப்பட்ட பாலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இந்தப் பாலுக்கு வைக்கக்கூடிய கடுமையான பரீட்சை பிலிப்பைன்ஸ் கிராமங்களிலிருந்து வருகிறது: எருமைப் பாலில் செய்யும் வெண்கட்டி, அதாவது சீஸ். அங்கே எருமைக்குப் பெயர் கராபாவ். நம் ஊர்ப் பக்கம் நுகத்தடியில் இரண்டைப் பூட்டித் தொழி உழுதோம் என்றால், அங்கே கழுத்தில் வளைந்த ஒற்றை நுகத்தோடு ஒரே எருமை கலப்பையையும், 'சுயோத்' என்கிற பல்வைத்த பரம்பையும் இழுக்கும். சக்கரம் புதையும் சேற்றில் 'பராகோஸ்' என்கிற சறுக்குப் பலகையில் நெல் மூட்டையையும் இழுத்து வரும். உழவுக்கு அதை விட்டால் நாதியில்லை என்பதால் 1980-இல் ஏழு வயது ஆகாத கிடாவையும் பதினொரு வயது ஆகாத பெண் எருமையையும் வெட்டக் கூடாது என்று அரசாணையே இருந்தது. புலாக்கான் மாகாணத்தின் புலிலான் ஊரில் மே 14 அன்று, உழவர்களின் காவலரான புனித இசிதோர் திருநாளை ஒட்டி, அலங்கரித்த எருமைகளைத் தேவாலயத்துக்கு முன் கொண்டுவந்து முழங்காலிட வைக்கிறார்கள்.

கராபாவ் சேற்றெருமை இனம், 48 குரோமோசோம். நம்முடையவை ஆற்றெருமை, 50. உழைப்பில் அது கெட்டி, பாலில் ஏழை. நாளுக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான். அதனால் 1992-இல் சட்டம் இயற்றிப் பிலிப்பைன்ஸ் கராபாவ் மையத்தை அமைத்து, முர்ரா எருமையோடு கலப்பினம் உண்டாக்கினார்கள். முர்ராவுக்குப் பூர்வீகம் அரியானா. ஆனால் பிலிப்பைன்ஸுக்குப் பெரிய அளவில் போய்ச் சேர்ந்தது பல்கேரியாவில் வளர்ந்த முர்ரா. உழவெருமையின் ஊரில் பால் பண்ணைக் கூட்டுறவுகள் முளைத்தது இப்படித்தான்.

அந்தப் பாலில் அவர்கள் செய்யும் வெண்கட்டி, 'கெசோங் புத்தி'. லகுனா மாகாணத்தின் சாந்தா குரூஸ் இதற்குப் பேர் பெற்றது. வாழையிலையில் பொதிந்து விற்பார்கள். காலையில் சூடான 'பாண்டெசால்' ரொட்டிக்கு நடுவே வைத்துச் சாப்பிடுவார்கள். பனீர்போல் அழுத்திப் பிழியாததால் மிருதுவாக இருக்கும், லேசாக உப்புக் கரிக்கும்.

ஒரு லிட்டர் பச்சைப் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். வெப்பமானி கட்டாயம் வேண்டும், கைக்கணக்கு உதவாது. பிறகு 38 டிகிரிக்கு ஆற்றி, ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்பைக் கரைத்து, புட்டியில் எழுதிய அளவு ரென்னெட் (பாலைக் கட்டியாக உறையவைக்கும் நொதி) விட்டு மெதுவாக ஒரு சுற்றுக் கலக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். கன்றின் இரைப்பையில் எடுத்த ரென்னெட் வேண்டாம் என்பவர்களுக்கு நுண்ணுயிரி ரென்னெட் கிடைக்கிறது. அதைக் கரைக்கும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் ரென்னெட்டைச் செயலிழக்கச் செய்துவிடும். பலருக்குக் கட்டி பிடிக்காமல் போவது இதனால்தான்.

முக்கால் மணி நேரத்தில் கத்தியை விட்டு நெம்பினால் வெள்ளைப் பிளவு சுத்தமாகத் திறந்து, தெளிந்த நீர் ஊற வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கீறி, பத்து நிமிடம் விட்டு, ஓட்டைபோட்ட கிண்ணத்தில் வாழையிலை விரித்து அகப்பையால் அள்ளி வையுங்கள். இலையைத் தணலில் வாட்டிக்கொண்டால் மடிக்கும்போது கிழியாது. இரண்டு மணி நேரத்தில் வடிந்து கால் கிலோ அளவில் கட்டி கிடைக்கும். குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும்.

இங்கேதான் பாலின் யோக்கியதை தெரியும். தண்ணீர் சேர்ந்த பாலில் பிளவு திறக்காது, கூழாகக் குழையும். ஏற்கெனவே ஒருமுறை காய்ச்சியதைக் கொடுத்திருந்தாலும் ரென்னெட் சரியாகப் பிடிக்காது. கறந்து நெடுநேரம் வெளியில் நின்ற பால் 63 டிகிரியை எட்டும் முன்பே திரிந்துவிடும். பால்மானியை ஏமாற்றிய பால்கூட இதில் மாட்டிக்கொள்ளும்.

ரென்னெட் கிடைக்காவிட்டால் பாலை 85 டிகிரிக்குச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, லிட்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினிகரைச் சிறுகச் சிறுக விடுங்கள். நீர் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் விட்டால் கட்டி மணல் மணலாக உதிரும். இந்த முறையில் உப்பைக் கடைசியில் சேர்க்கலாம். கலப்புப் பாலிலும் இது வந்துவிடும். அதனால் பரீட்சைக்கு இது உதவாது.

இனிப்பு விரும்புகிறவர்களுக்குப் புலாக்கானின் சான் மிகேல் ஊர்ப் 'பஸ்தில்யாஸ்' இருக்கிறது. ஒரு லிட்டரை அகன்ற உருளியில் சிறு தீயில் பாதியாக வற்றவிட்டு, அதன்பின் 150 கிராம் சர்க்கரை சேர்த்து, உருளியை விட்டு விலகும் வரை கிண்டி, ஆறியதும் சுண்டுவிரல் அளவில் உருட்டிச் சர்க்கரையில் புரட்ட வேண்டும். நம் பால்கோவாவுக்கு நிறம் ஏறலாம், இதற்கு ஏறக் கூடாது. சர்க்கரையை முன்பே போட்டால் பழுப்பேறிவிடும். நெய் கசியத் தொடங்கினால் ஒரு நிமிடம் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கே இதைச் சுற்றும் காகிதத்தில் பூவும் குடிசையும் கத்தரித்து வெட்டுவது தனிக் கைவேலை.

வெண்கட்டிக்குக் காலைக் கறவையைக் கறந்த இரண்டு மணி நேரத்துக்குள் வாங்கிவிடுங்கள். பஸ்தில்யாஸுக்கும் நெய்க்கும் மாலைக் கறவை நல்லது. இரண்டு கறவைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் கொழுப்பு கூடியிருக்கும். இரண்டையும் பால்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும், வீதிக்கு வரும் கேனில் பெரும்பாலும் இரு கறவையும் சேர்ந்தே இருக்கும்.